எண்ணிக்கை தவறாத முகம்மது ரபீக் அவர்களுக்குப் பிழை செய்தவர்கள் வாசித்தளிக்கும் மடல்

கரிசல் மண்ணின் கண்ணியமே! கட்டுக்காவலின் கருத்தே! மருந்துக் கிடங்கின் மாண்பே! முப்பத்தெட்டு ஆண்டுகள் மூட்டை மூட்டையாய் எங்கள் உயிரைக் காத்த மூத்தவரே! அன்பும் அடக்கமும் ஒருங்கே வாய்ந்த எங்கள் முகம்மது ரபீக் அவர்களே!

இன்று பணி நிறைவு காணும் தங்களுக்கு, கோவில்பட்டியிலிருந்து விளாத்திகுளம் செல்லும் சாலையில் அமைந்த நமது தீப்பெட்டித் தொழிலகத்தின் அலுவலகத்தாரும், எந்திரப் பிரிவினரும், கட்டு அடைக்கும் பிரிவின் பெண்மக்களும் ஒன்றுகூடி, உவந்து, உருகி, உள்ளம் நடுங்கி வாசித்தளிக்கும் மடல் இது. நடுங்கி என்ற சொல் இத்தகைய மடல்களில் வருவதில்லை. அது ஏன் வந்தது என்பதைப் போகப் போகச் சொல்கிறேன்.

அச்சகத்தார் ஒரு மாதிரி மடல் கொடுத்தார். சிங்கமே, சிகரமே, சரித்திரமே என்று வரிசையாக அச்சடித்து, பெயர் எழுத மட்டும் இடம் விட்டிருந்தது. போன மாதம் ஓய்வு பெற்ற கூட்டுறவுச் சங்கச் செயலாளரும் அதே சிங்கம்தானாம். தங்களைச் சிங்கம் என்று விளித்தால் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே, "எந்தக் காட்டுச் சிங்கம் தாயி, வேலிக்காத்தான் காட்டுதா?" என்று கேட்பீர்கள். அதனால் மாதிரியைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, அலுவலக எழுத்தர் சுகுணாவாகிய நானே என் கைப்பட எழுதினேன். அடுக்குமொழி குறைந்திருந்தால் அது என் குறை.

இருபத்திரண்டு வயதில் குச்சி மூட்டை இறக்கும் வேலைக்கு வந்தீர்கள். ஐந்தே ஆண்டில் மருந்துக் கிடங்கின் பொறுப்பு தங்கள் கைக்கு வந்தது. அன்று முதல் இன்று வரை, அடித்த வெயிலிலும் ஆடிக் காற்றிலும், அடைமழை பெய்து கரிசல் காலைக் கவ்விய நாளிலும், காலை எட்டு மணிக்கு அந்த இரும்புக் கதவின் முன் நின்றீர்கள். வெளியூர் விருந்தினர்களுக்காக ஒரு சொல்: நாங்கள் மருந்து என்பது தீக்குச்சித் தலையில் ஏறும் கலவையை. அதில் குளோரேட் என்னும் உப்பு முக்கியம். பார்க்க உப்பு மாதிரி இருக்கும். கெட்ட கையில் சிக்கினால் அது தீக்குச்சியோடு நிற்காது. அதனால்தான் அதற்கு உரிமம், இரண்டு பூட்டு, இரண்டு சாவி. ஒரு சாவி கிடங்குப் பொறுப்பாளரிடம், மற்றொன்று அலுவலகத்தில் என்னிடம். இரண்டும் சேர்ந்தால்தான் கதவு திறக்கும்.

இந்தக் கிடங்கைத் தாங்கள் காத்த விதத்துக்கு ஒரு நிகழ்ச்சியைச் சொன்னால் போதும். ஒன்பது ஆண்டுகளுக்கு முன் நாகலாபுரத்திலிருந்து இசக்கிதுரை என்ற விவசாயி வந்தார். மக்காச்சோளத்தைக் காட்டுப்பன்றி அழிக்கிறது, வெடி செய்து விரட்ட வேண்டும், இரண்டு கிலோ குளோரேட் கொடுங்கள் என்று கேட்டார். இல்லை என்று விரட்டியிருக்கலாம். தாங்கள் அவரை உட்கார வைத்துத் தேநீர் வாங்கிக் கொடுத்தீர்கள். பிறகு, "வாங்க அண்ணாச்சி, ரெண்டு பேருமாப் போயி ஸ்டேசன்ல சொல்லிட்டு வந்துருவோம். நீங்க கேட்டது தப்பு, உங்க கஷ்டம் நெசம். ரெண்டையும் சொல்லுவோம்" என்று அழைத்துப் போனீர்கள். அவர் பயந்து வேட்டியைப் பிடித்துக்கொண்டே போனார். மாலையில் இருவரும் ஒரே பேருந்தில் திரும்பி வந்தீர்கள். வனத்துறைக்கு மனு எழுதிக் கொடுத்ததும் தாங்கள்தான். இசக்கிதுரை அவர்கள் இன்று இந்தப் பந்தலில் மூன்றாம் வரிசையில் அமர்ந்திருக்கிறார்.

காலை பதினொரு மணித் தேநீரை மறக்க முடியுமா? தாங்கள் நாளிதழை விரித்துப் பிடிப்பீர்கள். உலகில் எந்த மூலையில் குண்டு வெடித்தாலும் அந்தச் செய்தியை இரண்டு முறை படிப்பீர்கள். மற்றவர்கள் எத்தனை பேர் செத்தார்கள் என்று கேட்பார்கள். தாங்கள் கேட்பது வேறு. "இந்த நாட்டுல இப்படி நடக்கு. பக்கத்து நாட்டுல ஏன் நடக்கல? அதச் சொல்லுங்க."

எந்திரப் பிரிவு வேல்ராஜ் அண்ணன்தான் முதலில் வாயைத் திறப்பார். "அங்க போலீஸ் கெடுபிடி ஜாஸ்தி பாய். தும்முனாக் கூடப் புடிச்சிருவாவ."

"கெடுபிடி உள்ள நாட்டுலயும் வெடிக்கத்தான செய்யுது? நேத்து நீ வாசிச்ச ஊர்ல தெருவுக்குத் தெரு ராணுவம் நிக்குல்லா."

கட்டு அடைக்கும் பிரிவின் மேற்பார்வையாளர் இசக்கியம்மாள் அக்கா விடமாட்டார். "பசி பட்டினி உள்ள எடத்துலதான் பாய் அப்படிச் செய்வாவ."

"நம்ம பக்கத்துல பசிக்கு என்னம்மா கொறச்சல்? மழ இல்லாம கம்பு கூட மொளைக்காம எத்தன வருசம் கெடந்துச்சு. சனங்க மூட்டை முடிச்சோட திருப்பூருக்கு பஸ் ஏறுனாவளே தவிர, யாரு எவன் மேல குண்டு போட்டா? பசி மட்டும் காரணம்னா நம்ம தாலுகா இருந்த எடம் தெரிஞ்சிருக்காது."

பிறகு நாங்கள் ஆளுக்கொரு காரணம் சொல்வோம். கடல் சூழ்ந்த நாடு என்பார் ஒருவர். ஒரே மொழி, ஒரே சனம் என்பார் இன்னொருவர். ஓட்டுப் போட்டு ஆளை மாற்ற முடிகிற நாட்டில் கோபம் குறையும் என்று நான் ஒரு முறை சொன்னேன். அதைக் கேட்டுத் தலையாட்டினீர்கள். போர் நடக்கும் நாடுகளைத் தாங்கள் தனியாக ஒதுக்கி வைத்துவிடுவீர்கள். அங்கே நடப்பதற்குக் காரணம் தேடி அலைய வேண்டாம் என்பீர்கள். போர் இல்லாத இரண்டு நாடுகள், ஒன்றில் நடக்கிறது, ஒன்றில் நடக்கவில்லை. தங்களை அரித்தது அதுதான். பல வருடம் விடை சொல்லாமல் இருந்துவிட்டு ஒரு நாள் சொன்னீர்கள். அதை நான் அன்றைக்கே நாட்காட்டித் தாளின் பின்புறம் எழுதி வைத்தேன்.

"தப்பா ஒண்ணு கண்ணுல பட்டா, போயிச் சொல்லிட்டு ராத்திரிச் சாப்பாட்டுக்கு வீட்டுக்கு வந்துரலாம்னு சனங்களுக்கு ஒரு நம்பிக்கை இருக்கணும். அது உள்ள நாட்டுல எவனாச்சும் ஒருத்தன் முன்கூட்டியே சொல்லிருவான். சொன்னவனையே உக்கார வச்சா அடுத்தவன் வாயத் தொறக்க மாட்டான். எனக்கு முழுசாத் தெரியல. ஆனா பாதிக் காரணம் இதுவாத்தான் இருக்கும்னு தோணுது."

பெருமைக்குரியவரே, இதுவரை எழுதியது எளிதாக வந்தது. இனிமேல் வருவதை நான் ஆறு முறை எழுதிக் கிழித்தேன். இந்த இடத்தில் என் குரல் தடுமாறினால் அவையோர் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

சென்ற ஆடி மாதம் ஒரு வெள்ளிக்கிழமை. தங்கள் துணைவியார் நபீசா அக்காவின் கண் அறுவைக்காகத் தாங்கள் தூத்துக்குடிக்குப் போயிருந்தீர்கள். விடுப்பு எடுக்கும் நாளில் தங்கள் சாவியை ஓர் உறையில் இட்டு, ஒட்டி, ஒட்டின இடத்தில் கையெழுத்துப் போட்டு என்னிடம் தருவது வழக்கம். அவசரம் என்றால் பிரிக்கலாம்; பிரித்தால் கிடங்குப் புத்தகத்தில் எழுத வேண்டும். முப்பது ஆண்டுகளுக்கு மேல் அந்த உறையை யாரும் பிரித்ததில்லை.

அன்று பிற்பகல் பக்கத்துத் தொழிலகத்தின் மேற்பார்வையாளர் வெயிலுமுத்து சரக்கு ஆட்டோவோடு வந்தார். "லாரி விருதுநகர்ல நிக்கு தாயி. ஒரே ஒரு மூட்டை குளோரேட் கைமாத்தாக் குடுங்க. திங்கக்கிழமை வந்து சேந்துரும்" என்றார். நம் பக்கத்தில் தொழிலகத்துக்குத் தொழிலகம் கைமாற்று கொடுப்பது எல்லாருக்கும் தெரியும். குச்சி தீர்ந்தால் குச்சி, அட்டை தீர்ந்தால் அட்டை, பசை தீர்ந்தால் பசை. வாய்ச் சொல்தான், எழுத்து கிடையாது. அந்த நம்பிக்கையில்தான் இந்தச் சாலையில் இத்தனை தொழிலகங்கள் ஓடுகின்றன. குளோரேட்டை மட்டும் தாங்கள் கைமாற்றாகக் கொடுத்ததே இல்லை. முதலாளியின் மைத்துனர் வந்து கேட்டபோதுகூட, "அட்டை வேணா லாரியோட எடுத்துட்டுப் போங்க" என்று சொல்லித் திருப்பி அனுப்பினீர்கள்.

நான் கொடுத்தேன். உறையைப் பிரித்தவள் நான். வேல்ராஜ் அண்ணன் மூட்டையைத் தூக்கி ஆட்டோவில் வைத்தார். இசக்கியம்மாள் அக்கா வாசலில் நின்று பார்த்தார். வெயிலுமுத்து நமக்குப் பதினைந்து வருடப் பழக்கம்; அடுத்த வாரம் நமக்கே ஏதாவது தேவைப்படும். அப்படித்தான் நினைத்தோம். சாவியை வேறு உறையில் போட்டு ஒட்டினேன். தங்கள் கையெழுத்தைப் போல ஒரு கிறுக்கலும் கிறுக்கினேன். புத்தகத்தில் எழுதவில்லை. திங்கட்கிழமை மூட்டை வந்துவிட்டால் எழுத வேண்டிய தேவையே இல்லை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

தாங்கள் திங்கட்கிழமை வருவதாக இருந்தது. சனிக்கிழமை காலையிலேயே வந்து நின்றீர்கள். மூட்டைகளை எண்ணினீர்கள். மறுபடி எண்ணினீர்கள். எங்கள் எல்லாரையும் கிடங்கு வாசலுக்கு அழைத்து, "ஒரு மூட்டை கொறையுது. யாராச்சும் எடுத்தீங்களா?" என்று கேட்டீர்கள். முதலாளி பூவனநாதன் அவர்களும் பக்கத்தில் நின்றார். அந்த வாரம் தொலைக்காட்சியில் ஓடிக்கொண்டிருந்த குண்டுவெடிப்புச் செய்தி எல்லார் மனதிலும் இருந்தது. வேலை போய்விடும் என்ற பயம் ஒரு பக்கம். இந்தச் சமயத்தில் குளோரேட்டைக் கை மாற்றிவிட்டோம் என்று வெளியே தெரிந்தால் நம்மை என்னவென்று நினைப்பார்கள் என்ற பயம் மறு பக்கம். வேல்ராஜ் அண்ணன் என்னைப் பார்த்தார். நான் தரையைப் பார்த்தேன். இசக்கியம்மாள் அக்கா முந்தானையால் முகத்தைத் துடைத்தார்.

"அப்ப நான் ஸ்டேசனுக்குப் போறேன்" என்றீர்கள்.

முதலாளி வேண்டாம் என்றார். உரிமம் போய்விடும், நூற்று நாற்பது குடும்பம் தெருவில் நிற்கும் என்றார். அதைவிடப் பெரிய தவறை நான் செய்தேன். அக்கறை என்று நினைத்துக்கொண்டு அதைச் சொன்னேன். "பாய், உங்க பேர வச்சுக்கிட்டு இப்பப் போயி நீங்க அங்க நிக்கலாமா? வேண்டாம் பாய்."

தாங்கள் என்னைத் திட்டவில்லை. "எம் பேருக்குத்தான் தாயி நான் மொதல்ல போகணும். நான் சும்மா இருந்து, அந்த மூட்டைய வச்சு எங்கனயாச்சும் ஒண்ணு நடந்துச்சுன்னா, செத்தவிய வீட்டுல போயி என்ன சொல்லுவேன்?" என்று கேட்டுவிட்டுப் பேருந்து நிறுத்தத்துக்கு நடந்தீர்கள். சாலையைக் கடக்கும்போது ஒரு முறை திரும்பிப் பார்த்தீர்கள். அந்த நொடியில்கூட ஓடி வந்து சொல்லியிருக்கலாம். நான் போகவில்லை.

மூன்று நாள். காலை முதல் மாலை வரை நிலையத்தில் உட்கார்ந்திருந்தீர்கள். காவலர்களைக் குறை சொல்ல எங்களுக்கு வாய் கிடையாது. குளோரேட் மூட்டை ஒன்றைக் காணோம் என்றால் அவர்கள் தேடத்தான் வேண்டும். தேடுவதற்கு அவர்கள் முன் இருந்தது பேசிய ஒரே ஓர் ஆள். பேசாத மூன்று பேர் இருப்பது அவர்களுக்குத் தெரியாது. ஞாயிற்றுக்கிழமை தங்கள் வீட்டைச் சோதித்தார்கள். கண்ணில் பச்சைத் துணி கட்டிய நபீசா அக்கா கட்டிலில் உட்கார்ந்திருக்க, அரிசிப் பானை முதல் குர்ஆன் வைத்திருந்த அலமாரி வரை திறந்து பார்த்தார்கள். ஒரு பெண் காவலர் அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டு நின்றாராம். மகன் ஹாரூனின் கைப்பேசியையும் கடவுச்சீட்டையும் எடுத்துப் போனார்கள். தெருவில் எல்லாரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். இதை எல்லாம் நான் கட்டு அடைக்கும் பெண்கள் பேசியதிலிருந்து கேட்டேன். கேட்டுவிட்டு மாலையில் வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டேன். அந்தச் சோறு எப்படி இறங்கியது என்று இன்றும் எனக்குத் தெரியவில்லை.

திங்கட்கிழமை, சொன்ன சொல் தவறாமல் வெயிலுமுத்து ஈடாக வேறொரு மூட்டையைக் கொண்டுவந்து தந்தார். அவருக்கு எதுவும் தெரியாது. நிலையத்துக்குப் போகும் முன் தாங்கள் என்னிடம் விட்டுப் போன சாவியால் கிடங்கைத் திறந்து, நாங்கள் மூவரும் அதைக் கடைசி வரிசைக்குப் பின்னால் சுவரோரம் வைத்தோம். செவ்வாய்க்கிழமை காவல் ஆய்வாளர் தங்களை அழைத்துவந்து கிடங்கைத் திறந்தபோது மூட்டை அங்கே இருந்தது. கோப்பில் 'பொறுப்பாளரின் எண்ணிக்கைப் பிழை' என்று எழுதினார்கள். தாங்கள் அந்த மூட்டையைக் குனிந்து பார்த்தீர்கள். அதன் மேல் இருந்த தொகுதி எண் நம்முடையது இல்லை. முப்பத்து மூன்று ஆண்டுகளாக மூட்டையின் எண்ணை வாசித்த கண்ணுக்கு அது தெரியாமல் போயிருக்குமா? "கெடைச்சிருச்சுல்லா, அது போதும்" என்று சொல்லிவிட்டுக் கையெழுத்துப் போட்டீர்கள். எங்களைக் காப்பாற்றப் போட்டீர்களா, களைத்துப்போய்ப் போட்டீர்களா என்று கேட்க எனக்குத் துணிவு வந்ததில்லை. பதினொரு மாதமாகத் தாங்கள் என்னிடம் சாவி வாங்கும் ஒவ்வொரு காலையிலும், இன்றைக்குக் கேட்டுவிடுவாரோ என்று முகத்தைப் பார்க்காமலே தருவேன்.

இதோடு முடிந்திருந்தால் நாங்கள் வாய் மூடியே இருந்திருப்போம். அதுதான் உண்மை. நல்லவர்கள் என்று காட்டிக்கொள்ள இதை எழுதவில்லை. ஹாரூனுக்கு மஸ்கட் மருத்துவமனை ஒன்றில் செவிலியர் வேலை கிடைத்திருக்கிறது. அடுத்த மாதம் பதினைந்தாம் தேதி சேர வேண்டும். காவல்துறை நற்சான்றுக்கு இரண்டு முறை விண்ணப்பித்தும், தந்தை பெயரில் ஒரு கோப்பு இருக்கிறது, பார்க்க வேண்டும் என்று நிறுத்தி வைத்திருக்கிறார்கள். எண்ணிக்கைப் பிழை என்று ஒருவர் நம்புகிறார். மூன்று நாள் எங்கோ போய்விட்டு வந்த மூட்டை என்று இன்னொருவர் சந்தேகப்படுகிறார். சந்தேகப்படுகிறவர் பக்கம்தான் உண்மை இருக்கிறது, ஆனால் சந்தேகம் விழுந்திருப்பது தவறான ஆள் மீது. இதை ஹாரூன் என்னிடம் சொன்னது, இந்த விழாவின் அழைப்பிதழைக் கொடுக்கத் தங்கள் வீட்டுக்கு நான் போயிருந்தபோது. "அத்தா எண்ணுனதுல ஒரு தடவ கூடத் தப்பு வந்ததில்ல அக்கா. எப்படி இது மட்டும்?" என்று கேட்டான். நபீசா அக்கா எனக்குக் காப்பி கொடுத்தார். குடித்துவிட்டு வந்தேன்.

மறுநாள் தேநீர் நேரத்தில் நாங்கள் மூவரும் கிடங்குக்குப் பின்னால் நின்று பேசினோம். "அவிய ரிட்டயராவுற நல்ல நாளும் அதுவுமா இதப் போயிச் சொல்லணுமா சுகுணா? தனியாப் போயிக் காதுல சொல்லிருவோம்" என்றார் இசக்கியம்மாள் அக்கா. வேல்ராஜ் அண்ணன் தன் பெண்ணின் கல்லூரிப் படிப்பைச் சொன்னார். வேலை போனால் அதுவும் போகும் என்றார். நானும் அதையே நினைத்தேன். ஆனால் நாளை முதல் கிடங்குப் பொறுப்பு எனக்கு என்று முதலாளி உத்தரவு போட்டிருந்தார். அந்த இரும்புக் கதவின் முன் நின்று, யாராவது வந்து ஒரு மூட்டை கைமாற்றுக் கேட்டால் இல்லை என்று சொல்ல எனக்கு என்ன தகுதி இருக்கிறது? ஒரு மூட்டை குறைந்தால், யார் எடுத்தது என்று எந்த முகத்தோடு கேட்பேன்? கேட்டால் எதிரில் நிற்பவர்களும் என்னைப் போலத் தரையைத்தானே பார்ப்பார்கள்?

எந்த நாட்டில் ஏன் குண்டு வெடிப்பது குறைவு என்று கேட்டீர்களே, அதற்கு நான் ஒரு பதில் சேர்க்கிறேன். பெரிய பதில் இல்லை. காவலர் நல்லவராக இருந்தால் மட்டும் போதாது, சட்டம் நன்றாக இருந்தால் மட்டும் போதாது. பக்கத்தில் நிற்கிறவர்கள் கூடச் சேர்ந்து பேச வேண்டும். ஒருவர் துணிந்து போய்ச் சொல்லும்போது, தெரிந்த மூன்று பேர் வாயை மூடிக்கொண்டால், அடுத்த முறை அவரும் போகமாட்டார். அவர் மகன் போகமாட்டான். அவர் தெருவில் யாருமே போகமாட்டார்கள். அதற்குப் பிறகு உண்மையிலேயே ஒரு கெட்ட கை ஒரு மூட்டையைத் தூக்கினால் யாரும் சொல்ல வரமாட்டார்கள். அந்தச் சனிக்கிழமை காலையில் நாங்கள் இந்த ஊரை எவ்வளவு ஆபத்தில் விட்டோம் என்பது எனக்கு மிகவும் தாமதமாகத்தான் புரிந்தது. எங்கள் மூட்டை வெயிலுமுத்துவிடம் பத்திரமாக இருந்தது வெறும் அதிர்ஷ்டம்.

ஆகவே இன்று காலை ஒன்பதரை மணிக்கு நாங்கள் மூவரும் காவல் நிலையத்துக்குப் போனோம். நடந்ததை எழுதிக் கையொப்பமிட்டுக் கொடுத்தோம். வெயிலுமுத்துவும் வந்து தன் பங்கை எழுதிக் கொடுத்தார். முன்வரிசையில் அமர்ந்திருக்கும் ஆய்வாளர் அவர்கள் அதை முழுவதும் படித்தார். "பதினோரு மாசம் என்ன செஞ்சீங்க?" என்று கேட்டார். கோப்பைத் திருத்த எழுதுவதாகச் சொன்னார். பதினைந்தாம் தேதிக்குள் நற்சான்று வந்துவிடும் என்று உறுதி சொல்ல அவரால் முடியவில்லை. எங்கள் மீது என்ன நடவடிக்கை வரும், தொழிலகத்தின் உரிமம் என்ன ஆகும் என்பதும் தெரியாது. அவர் எங்களை உட்கார வைக்கவில்லை. போய் விழாவுக்கு வேண்டியதைப் பாருங்கள் என்றார். பேருந்தில் திரும்பி வரும்போது வேல்ராஜ் அண்ணன் அழுதார்.

முதலாளி அவர்கள் இதை இப்போதுதான் கேட்கிறார். அவர் முகத்தை நான் பார்க்கவில்லை. தாளைப் பார்த்தே வாசிக்கிறேன்.

மாண்புக்குரிய எங்கள் முகம்மது ரபீக் அவர்களே! மன்னிக்க வேண்டும் என்று இந்த மடலில் நாங்கள் கேட்கவில்லை. கேட்டால், இத்தனை பேர் முன்னால் தாங்கள் சரி என்றுதான் சொல்வீர்கள். நாங்கள் கேட்பது ஒன்றே ஒன்று. இந்த மடலைச் சட்டமிட்டுத் தங்கள் வீட்டுக் கூடத்தில், வருகிறவர்கள் கண்ணில் படும்படி மாட்டுங்கள். சோதனை நடந்த அன்று வாசலில் நின்று பார்த்தவர்கள் உள்ளே வந்து வாசிக்கட்டும். முகம்மது ரபீக்கின் எண்ணிக்கை ஒரு நாளும் தவறவில்லை என்று எங்கள் கையெழுத்தில் அவர்கள் படிக்கட்டும். இதன் இன்னொரு படி கிடங்கின் உட்சுவரில், வேலைக்கு வரும் ஒவ்வொருவரும் பார்க்கும் இடத்தில் மாட்டப்படும். அதை மாட்டும் ஆள் நானாக இருந்தாலும் சரி, எனக்குப் பின் வருகிறவராக இருந்தாலும் சரி.

தாங்கள் நோயின்றி, நொடியின்றி, நிறைந்த மனத்தோடு நெடுங்காலம் வாழ வேண்டும். நபீசா அக்காவின் பார்வை தெளிந்து, ஹாரூன் அனுப்பும் படங்களைக் கண்ணாடி இல்லாமலே பார்க்க வேண்டும். யாரேனும் வந்து கதவைத் தட்டினால், உறவுக்காரர் யாரோ வந்திருக்கிறார்கள் என்று நினைத்துத் தாங்கள் எழுந்து போய்த் திறக்கும் காலம் சீக்கிரம் திரும்பி வர வேண்டும். அந்த வாழ்வை வேண்டி, தலை தாழ்த்தி, இம்மடலைத் தங்கள் கையில் சேர்க்கிறோம்.

இவண்,

சுகுணா, அலுவலக எழுத்தர். உறையைப் பிரித்தவள், பொய்க் கையெழுத்திட்டவள்.

வேல்ராஜ், எந்திரப் பிரிவு. மூட்டையைத் தூக்கியவர், திரும்ப வந்ததை மறைத்து வைத்தவர்.

இசக்கியம்மாள், கட்டு அடைக்கும் பிரிவு. பார்த்தவர், கேட்டபோது சொல்லாதவர்.

வெயிலுமுத்து, பக்கத்துத் தொழிலகம். கேட்கக் கூடாததைக் கேட்டவர்.

கட்டு அடைக்கும் பிரிவின் பெண்கள் அறுபத்தேழு பேர், இன்று காலை பேருந்து நிறுத்தத்தில் விவரம் கேட்டுத் தாங்களாகவே முன்வந்து கையொப்பமிட்டவர்கள்.

பூவனநாதன், உரிமையாளர். இந்த இடம் அவர் கையொப்பத்துக்காக விடப்பட்டிருக்கிறது. பேனா மேசை மேல் இருக்கிறது.